ஆசிரியரின் சம்பளத்தைப் பெற்றோர் கட்டுவதற்குப் பெயர் இலவசக் கல்வியா?

கிழக்கு மாகாணக் கல்விப் பொறுப்பிலுள்ளோருக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

எங்கள் கரையோரப் பாடசாலையில் கணித, விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடங்கள் நெடுங்காலமாக நிரப்பப்படாதிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். கோரிக்கைக் கடிதங்கள் தங்கள் கோவைகளில் இருப்பதால் அந்தக் கதையை இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை. வெற்றிடத்தை நிரப்பப் பாடசாலை கண்ட வழியைப் பற்றியே எழுதுகிறேன். ஊரிலுள்ள பட்டதாரி யுவதி ஒருவரைத் தொண்டர் ஆசிரியராக அமர்த்தி, அவருக்கான மாதாந்தக் கொடுப்பனவைப் பெற்றோரிடம் வசூலிக்கிறார்கள். சென்ற வாரம் காலைக் கூட்டத்தில், அந்தப் பணத்தைக் கட்டாதோரின் பிள்ளைகள் பெயர் வாசிக்கப்பட்டு, எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்தப்பட்டார்கள்.

நின்றவர்களுள் பெரும்பாலானோர் கடற்றொழிலாளரின் பிள்ளைகள். அதில் வியப்பில்லை. கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. எங்கள் கரையிலோ நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றினால் கடல் கொந்தளிப்பதால் சிறு வள்ளங்கள் பெரும்பாலும் கரையிலேயே கிடக்கும். வீட்டில் காசு புழங்காத அந்த மாதங்களிலேயே கொப்பி, சப்பாத்து, வசதிக் கட்டணம், அபிவிருத்திச் சங்கச் சந்தா, இப்போது ஆசிரியர் கொடுப்பனவு என்று அத்தனையும் ஒன்றாக வந்து நிற்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு தாய் கோடையில் கருவாடு போட்டு விற்பவர். மாரியில் அவருக்கு அந்த வருமானமும் இல்லை. மூத்த மகளுக்குரியதை மட்டும் கடன்பட்டுக் கட்டிவிட்டு, இளையவனைச் சில நாட்கள் வீட்டிலேயே மறித்து வைத்துக்கொண்டார். காசு கட்டாத பிள்ளையைப் பாடசாலைக்கு வரவேண்டாமென்று எவரும் சொல்லவில்லை என்று நிருவாகம் விளக்கம் தருகிறது. உண்மைதான், எவரும் சொல்லவில்லை. பெயர் வாசிக்கப்படும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவே. அந்தத் தொண்டர் ஆசிரியரையும் நான் குறைகூறவில்லை. அவர் பெறுவது நகரத்துப் புடவைக் கடையில் நிற்கும் பெண் பெறுவதிலும் குறைவு.

அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியையும், கல்வியில் அனைவருக்கும் சம வாய்ப்பை உறுதிசெய்யுமாறு அரசைப் பணிக்கும் அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையையும் தங்களுக்கு நினைவூட்டுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆயினும் 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர், கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்யப்பட்ட சர்வதேசப் பாடசாலைகள் முளைத்தன; 1981இல் அரசு தன் கல்விச் சீர்திருத்த யோசனைகளை முன்வைத்த வெள்ளை அறிக்கையை மாணவரும் ஆசிரியரும் வீதிக்கு இறங்கி எதிர்த்தார்கள். இன்று கல்வியைச் சந்தைக்குக் கொண்டுபோக எந்த வெள்ளை அறிக்கையும் தேவைப்படவில்லை. ஓர் ஆசிரியரை நியமிக்காமல் விட்டாலே போதும், மிச்சத்தைப் பெற்றோரின் பயமே செய்துமுடித்துவிடுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: அரச பாடசாலையில் கற்பிப்பவரின் ஊதியத்தைப் பெற்றோரிடம் வசூலிப்பதை நிறுத்துங்கள்.

நிதி இல்லை என்பீர்கள். கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் ஒதுக்குமாறு பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012இல் மாதக்கணக்கில் பணிப்புறக்கணிப்புச் செய்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அரசு செலவிடுவதோ 2 வீதத்தையும் எட்டுவதில்லை. ஆனால் சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்படிக்கைப்படி, வட்டிச் செலவு நீங்கலாக அதே உற்பத்தியில் 2.3 வீத மிகையை வரவுசெலவுத் திட்டத்தில் காட்டியே தீரவேண்டுமாம். கடன்காரருக்குக் கொடுத்த வாக்குக்கு இருக்கும் மரியாதை, பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்குக்கு இல்லை.

நவீனமயமாக்கலில் நாங்கள் பின்தங்கிவிட்டோம் என்றும் எண்ணிவிடாதீர்கள். நலன்விரும்பி ஒருவர் அன்பளித்த ஸ்மார்ட் போர்ட் எங்களிடமும் இருக்கிறது. அதில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாததால் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அரச சம்பளம் பெறும் விஞ்ஞான ஆசிரியரை எங்கள் பிள்ளைகள் பார்க்கவேண்டுமென்றால், பின்னேரம் பஸ் ஏறித் திருகோணமலை நகரத்து டியூஷன் கொட்டிலுக்குப் போகலாம். அங்கே ஆசிரியர் வெற்றிடம் இருந்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. வசதியான பழைய மாணவர் சங்கங்களையுடைய நகரப் பாடசாலைகள் தங்கள் குறைகளைத் தாங்களே சரிசெய்துகொள்கின்றன. வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் மூதூரின் உட்கிராமங்களிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

சொல்லவந்ததை விட்டுச் சற்று விலகிவிட்டேன், பொறுத்தருள்க. எந்தக் கட்டணத்தின் பொருட்டும் எந்தப் பிள்ளையின் பெயரும் கூட்டத்திலோ வகுப்பிலோ வாசிக்கப்படக் கூடாதென்று மாகாணத்தின் எல்லாப் பாடசாலைகளுக்கும் சுற்றுநிருபம் அனுப்புங்கள். கற்பிப்பவரின் ஊதியத்தைப் பெற்றோரிடம் வசூலிப்பதை நிறுத்தி, கணித, விஞ்ஞான வெற்றிடங்களுக்கு இரண்டாந் தவணைக்கு முன் நியமனம் வழங்குங்கள். அதுவரை தொண்டர் ஆசிரியரின் கொடுப்பனவை மாகாண நிதியிலிருந்து வழங்குமாறும், இம்மடலுக்கு எழுத்து மூலம் பதில் தருமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பெற்றோர் ஒருவர்,
திருகோணமலை.