சோர்ஸைப் பூட்டத் தெரிந்தவர்களையும் கூப்பிடுங்கள்

எரிசக்திச் சந்தை ஆணையத்துக்கும் தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் துவாஸ், ஜூரோங் பக்கத்து ஷிப்யார்டுகளில் 19 ஆண்டுகளாக ரேடியோகிராஃபி பார்க்கிறேன். வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை வைத்துப் படம் எடுக்கும் வேலை. அந்தப் பொருளைத்தான் சோர்ஸ் என்போம். என்னோடு நிற்பவர்களில் பாதிப் பேர் தமிழர்கள்.

2025 ஜூலையில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்து அணு ஆராய்ச்சி, பாதுகாப்புக் கழகம் 66 மில்லியன் வெள்ளி நிதியோடு தொடங்கியதைப் படித்தேன். அணுத்துறை நிபுணர்களை 100 பேராக்கப் போகிறார்களாம். மனசுக்கு நிறைவாக இருந்தது. நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இறக்குமதி எரிவாயுவில் ஓடுகிறது. அணு உலை வருமா வராதா என்பது இன்னும் முடிவாகவில்லை. எதுவானாலும் ஆள் தயாராக இருக்கவேண்டும் என்று நினைத்தது சரிதான்.

ஆனால் பேச்செல்லாம் முதுகலை, முனைவர் பட்டம் பற்றியே இருக்கிறது. எங்கள் இரவைக் கொஞ்சம் கேளுங்கள்.

படம் எடுத்து முடிந்ததும் கிராங்க் என்ற கைப்பிடியைச் சுற்றிச் சோர்ஸைக் கேமராவுக்குள், அதாவது கதிர்வீச்சைத் தடுக்கும் பெட்டிக்குள், இழுப்போம். முழுசாக உள்ளே வந்துவிட்டது என்று கை சொல்லும். அதை நம்பக்கூடாது. கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரை முன்னால் நீட்டிக்கொண்டு, முள்ளைப் பார்த்தபடியே நடந்து போய், கேமராவைச் சுற்றிப் பார்த்து, சோர்ஸ் போய்வரும் கைடு டியூப்பின் நுனிவரை பார்த்து, அப்புறம்தான் பூட்டுவோம். விடியற்காலை நான்கு மணிக்குத் தூக்கம் சொக்கும்போதும் இதில் ஒரு படிகூடக் குறையாது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த திருச்சிக்காரர், "கை சொல்றத நம்பாத தம்பி, மீட்டர் சொல்றத நம்பு" என்பார்.

நாட்டின் பாதுகாப்பு இந்தப் பூட்டிலும் இருக்கிறது. 2000-இல் தாய்லாந்தின் சமுத் பிராகானில் கேட்பாரற்றுக் கிடந்த கோபால்ட்-60 சோர்ஸ் பழைய இரும்புக் கடைக்குப் போனது. மூன்று பேர் செத்தார்கள். 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கதிரியக்கச் சீசியம்-137 அடைத்த 8 மில்லிமீட்டர் குப்பி ஒன்று லாரியிலிருந்து விழுந்து, 1,400 கிலோமீட்டர் சாலையில் தேட வேண்டியதாயிற்று.

நான் கேட்பது இதுதான். ஐ.டி.இ. என்ற தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பாலிடெக்னிக்கிலோ படித்துவிட்டுக் கதிரியக்கத்தோடு வேலை செய்பவர்கள் அணுப் பாதுகாப்புத் துறைக்குள் நுழைய ஒரு பகுதிநேரப் படிப்பு வேண்டும். சோர்ஸ் கணக்கு, சோர்ஸைக் கொண்டுசெல்லும்போது காக்கும் முறை, அவசரநேர அளவீடு, அனைத்துலக அணுசக்தி முகவையின் ஆய்வாளர்கள் வந்தால் ஏடுகளைக் காட்டும் முறை எல்லாம் அதில் இருக்கட்டும். எங்கள் அனுபவ ஆண்டுகளையும் தகுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக் இறுதியாண்டில் இருக்கும் என் மகள், "அப்பா, அந்த வேலைக்கு உங்ககிட்ட கத்துக்கிட்டது உதவுமா?" என்று கேட்டாள். உதவும் என்றுதான் சொன்னேன். வகுப்பை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் நாங்கள் இருவருமே வருவோம்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோகிராஃபி தொழில்நுட்பர்