சௌத்ரியின் மறுபாதி

ஆசிரியருக்கு,

வணக்கம். பிஜியின் முன்னாள் பிரதமர் மகேந்திர சௌத்ரி பற்றிய கட்டுரையைப் படித்தேன். முதலில் ஒரு சின்னத் திருத்தம். கட்டுரை சொல்வதுபோல் அவர் தமிழ் வம்சாவளி இல்லை. பிஜிக்குக் கரும்பு வெட்டப் போன தமிழர்கள் ஏராளம். ஆனால் சௌத்ரியின் தாத்தா ஹரியானாவில் ரோத்தக் பக்கத்துக்காரர்.

விஷயம் இவ்வளவுதான் என்றால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். 1999 மே 19இல் அவர் பிரதமரானார். சரியாக ஒரு வருஷம் கழித்து அதே தேதியில் அவர் ஆட்சியை எதிர்த்த ஜார்ஜ் ஸ்பைட் என்பவரின் கும்பல் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, அவரை 56 நாள் பிணையாக அடைத்து வைத்தது. கட்டுரை அங்கேயே மாலை போட்டு முடித்துவிட்டது.

நானும் சங்க வேலையில் தலை நரைத்தவன். அதனால்தான் சௌத்ரியைப் பிடிக்கும். அரசு தணிக்கை அலுவலகத்தில் கணக்குப் பார்த்து, அரசு ஊழியர் சங்கத்துக்கும் பிறகு கரும்பு விவசாயிகள் சங்கத்துக்கும் பொதுச் செயலாளராகி மேலே வந்தவர். 1987இல் பிரதமர் பவத்ராவின் அமைச்சரவையில் நிதியமைச்சர். ஒரே மாதத்தில் ராணுவ அதிகாரி ரபுகாவின் படை அந்த ஆட்சியைக் கவிழ்த்தது. 2001 தேர்தலுக்கு அப்புறம், சட்டப்படி தன் கட்சிக்கு அமைச்சரவையில் இடம் உண்டு என்று கோர்ட்டுக்குப் போய் 2003இல் ஜெயித்தார். விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது சங்கத்துக்காரன் பழக்கம்.

அப்படிப்பட்டவர், 2006 டிசம்பரில் ராணுவத் தளபதி பைனிமராமா படையை வைத்து ஆட்சியைப் பிடித்ததும், அடுத்த மாதமே அவரிடம் நிதியமைச்சர் ஆனார்! அப்போது கவிழ்க்கப்பட்ட பிரதமர் கராசேயின் அரசு, 2000இல் துப்பாக்கி தூக்கியவர்களுக்கு மன்னிப்புக் கொடுக்கப் பார்த்தது. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனாலும் இரண்டு முறை பூட்ஸ் காலில் மிதிபட்டவர் மூன்றாவது பூட்ஸுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

2008இல் அந்த அமைச்சரவையிலிருந்து வெளியே வந்தார். 2014இல், பைனிமராமா ஆட்சியிலேயே, ஆஸ்திரேலிய வங்கியில் இருந்த 15 லட்சம் டாலரை அந்நியச் செலாவணி விதிப்படி அறிவிக்கவில்லை என்று தண்டிக்கப்பட்டார். 20 லட்சம் பிஜி டாலர் அபராதம். அந்த வருஷத் தேர்தலிலும் நிற்க முடியவில்லை. ஊர்க் கணக்கையெல்லாம் தணிக்கை செய்த மனுஷனுக்கு!

கட்டுரையாளர் இரண்டாம் பாகம் எழுதுவதாக இருந்தால், 2007 ஜனவரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தொழிற்சங்க ஊழியர்,
கோயம்புத்தூர்