குல்தாருக்கு வந்த கடிதமும் எங்கள் எட்டாம் வகுப்பும்

எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 34 பேரும் தங்கள் கையால் கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டார்கள். இது என் ஒருவனால் நடந்ததில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, வாணியம்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்த உருது வாத்தியார் ஐயாவுக்கு. 1931 மார்ச் 3, லாகூர் சிறையில் குடும்பத்தாரைக் கடைசியாகப் பார்த்த அன்று, பகத்சிங் தம்பி குல்தாருக்கு உருதுவில் எழுதிய கடிதத்தை நீங்கள் ‘அஜீஸ் குல்தார்’ (அன்புள்ள குல்தார்) என்று தொடங்கி வாசித்தபோது வகுப்பில் ஃபேன் சத்தம்தான் கேட்டது. உன் கண்ணீரைப் பார்த்து வருத்தமாகிவிட்டது, தைரியமாக இரு, நன்றாகப் படி, உடம்பைப் பார்த்துக்கொள், அப்புறம் சில கவிதை வரிகள், அவ்வளவுதான் கடிதம். இருபதாவது நாள் தூக்கு. அதுவரை தொப்பி வைத்த படமாகவே தெரிந்தவர் அன்றைக்கு ஓர் அண்ணனாகத் தெரிந்தார். “குல்தாருக்கு அப்போ எத்தனை வயசு சார்?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். ஏறக்குறைய உங்க வயசுதான் என்றேன். யாரும் பேசவில்லை.

நாமும் எழுதலாமே என்று கேட்டது பிள்ளைகள்தான்.

அஞ்சலக அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது! இரண்டரை ரூபாய் இன்லேண்ட் கவரை எப்படி மடிப்பது, பின்கோடு எங்கே எழுதுவது என்று ஒவ்வொரு பெஞ்சாகப் போய்க் காட்டினீர்கள். ஒட்டுகிற ஓரத்திலும் நெருக்கி நெருக்கி எழுதிவிட்டு “இன்னும் இடம் வேணும்” என்று அழுத பெண்ணுக்கு உங்கள் காசிலேயே இன்னொரு கவர் வாங்கித் தந்தீர்கள். அவள் எழுதியது திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு. தினமும் போனில் பேசுகிற அண்ணன்தான், ஆனால் பொங்கலுக்கு வராததற்குக் கோபப்பட்டதைப் போனில் சொல்ல வரவில்லையாம்.

பேனா வாங்கித் தந்த மளிகைக்கடை அண்ணாச்சிக்கும், பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து தாத்தாவின் கடிதங்களைக் கொடுத்தனுப்பிய அம்மாக்களுக்கும் எங்கள் நன்றி. கடிதங்களைப் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.

திருப்பூரிலிருந்து நேற்று பதில் வந்துவிட்டது. பிரேயர் முடிந்ததும் அக்கா அதை அவள் கையிலேயே கொடுத்தார். அவள் பிரிக்கவில்லை, வீட்டுக்குப் போய்ப் படிக்கிறேன் என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.