கூறை கையோடு வரட்டும், பூவை அங்கேயே எடு

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள சகுந்தலா,

கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தையில் அங்கே சுவிசில் கலியாணம் என்று வாசித்ததும் மனம் குளிர்ந்துபோயிற்று. இங்கே மாரி பிடித்துவிட்டது. வாவி முட்ட நிற்கிறது, ஒழுங்கைகளில் கணுக்கால் தண்ணீர். மல்லிகை வரத்துக் குறைந்து, உள்ளதும் மழையில் அடிபட்டுக் கறுத்துத்தான் சந்தைக்கு வருகிறது.

கூறைச் சாறியையும் மாலையையும் இங்கிருந்து அம்மாவும் தம்பியும் வரும்போது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். கூறையைக் கட்டாயம் கொடுத்துவிடலாம். மாலை வேண்டாம்கா. ஏன் என்று பிறகு விரிவாகச் சொல்கிறேன், முதலில் உடுப்பை முடிப்போம். அடுக்கும் விசயங்களை அம்மாவுக்கும் தம்பிக்கும் வாசித்துக் காட்டு.

கூறை, சாறிச் சட்டை, மாப்பிள்ளையின் பட்டு வேட்டி சால்வை, தாலிக்கொடி, நகை எல்லாம் கைப்பையில்தான் வரவேண்டும். பெரிய பெட்டி தொலைந்தாலோ பழுதானாலோ விமானக் கம்பனி தரவேண்டிய நட்டஈட்டுக்கு மொன்றியல் உடன்படிக்கை என்ற சர்வதேச விமானப் பயண ஒப்பந்தத்தில் உச்ச வரம்பு இருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). உங்கள் காசில் 1,600 பிராங்குக்குக் கொஞ்சம் மேலே வரும். அதுகூட பில்லைக் காட்டி நிரூபித்தால்தான். நகையைப் பெட்டியில் போட்டால் பொறுப்பில்லை என்று அவர்கள் தங்கள் விதியிலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

கட்டாரிலோ எமிரேட்சிலோ வந்தால் சாதாரண வகுப்புக்குக் கைப்பை 7 கிலோ, டேர்க்கிஷ் என்றால் 8. இரண்டு பேர் வருவதால் பாரத்தைப் பிரித்து வைக்கலாம். சரிகை நிறைந்த கூறை ஒன்று 1 கிலோ அளவில் நிற்கும், ஆரி வேலை செய்த சட்டை அரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். பை நிறைந்த விமானங்களில் ஏறும் வாசலில் வைத்தே கைப்பையை வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்கள். அதனால் கூறையையும் நகையையும் பைக்குள் தனியாக ஒரு சின்னத் துணிப்பையில் வைத்து, அதுவே மேலே இருக்கும்படி அடுக்கு. பையை வாங்கினால் துணிப்பையை உருவி மடியில் வைத்துக்கொள்ளலாம். சாறியைத் தொங்கவிடும் நீளப் பை வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு. சாதாரண வகுப்பில் தொங்கவிட இடம் தருவார்கள் என்று நம்ப முடியாது, கடைசியில் அது இரண்டாக மடிந்து மேல்தட்டில் யாரோ ஒருவரின் பெட்டிக்கு அடியில்தான் கிடக்கும்.

மடிப்புத்தான் முக்கியம். கடைக்காரர் மடித்த மடிப்போடு சாறியைக் கொண்டுவரக் கூடாது. அந்த மடிப்பிலேயே நீண்ட நாள் கிடந்தால் சரிகை இழை அதே கோட்டில் உடையும், பட்டும் வெட்டினாற்போலக் கிழியும். மழை இல்லாத காலையில் நிழலில் ஒரு மணித்தியாலம் காற்றாட விரித்துவிட்டு, சுத்தமான பாயில் போட்டு, சரிகை உள்ளே போகும்படி மடிக்கவேண்டும். அகலம் 47 அங்குலம் அளவு இருக்கும். மூன்றாக மடித்தால் 16 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 40 சென்றிமீற்றர். கைப்பைக்குச் சரியாகப் போகும். ஒவ்வொரு மடிப்பு வளைவிலும் பழைய மெல்லிய துணியைச் சுருட்டி வைத்துவிடு, வளைவு கூராக விழாது. வெளியே சுற்றுவதற்குக் கஞ்சி போடாமல் துவைத்த பழைய வேட்டி நல்லது. பேப்பர் சுற்றாதே, மை இறங்கும். பூச்சி உருண்டையும் வேண்டாம், சரிகை கறுத்துப்போகும். சென்ற் போத்தல், ஹெயார் ஸ்பிரே எதுவும் அந்தப் பைப் பக்கமே வரக்கூடாது. துணிக்கு மேலே ஒரு பிளாஸ்ரிக் உறை மழைக்காகப் போட்டால் போதும், வீட்டுக்குப் போனவுடன் கழற்றிவிடச் சொல். ஈரம் உள்ளே அடைபட்டால் பட்டில் புள்ளி விழும்.

ஏற்கெனவே கொசுவம் பிடித்து அயன் செய்து அனுப்பலாமா என்று கேட்டாயே, அது அரை நாள் பயணத்துக்குச் சரி. ஊர் விட்டு ஊர் போவதற்கு வேண்டாம். பின் குத்தி வைத்தால் இந்த ஈரப்பதத்தில் துருக் கறை பிடிக்கும், பிறகு அது போகாது.

சட்டையைச் சாறியோடு ஒன்றாகச் சுற்றாதே. மணியும் கல்லும் பட்டு இழையைக் கொளுவி இழுக்கும். தனித் துணிப்பையில், வேலைப்பாட்டுக்கு நடுவில் மெல்லிய துணி வைத்து, கைகளை உள்ளே மடிக்காமல் வைக்கவேண்டும். மகளின் அளவைப் போனில்தானே எடுத்தோம்? அதனால் இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே 2 அங்குலம் விட்டிருக்கிறேன். ஆரி வேலையைப் பக்கத் தையலிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளித்தான் தொடங்கச் சொன்னேன். வேலை தையலுக்குள் போய்விட்டால் பிரித்து அகட்ட முடியாது, மணி உதிரும். அதே நிற நூலும் கொக்கி நாலைந்தும் சட்டை வைத்த துணிப்பைக்குள்ளே இருக்கிறது. கத்தரிக்கோல் மட்டும் பெரிய பெட்டியில் போகட்டும்.

தலைப்பாகை ரெடிமேட் வாங்கினால் அதைத்தான் காப்பாற்றுவது கஷ்டம். விசிறி மடிப்பு நசுங்கினால் திரும்ப எழும்பாது. குஞ்சத்தையும் புரோச்சையும் கழற்றித் தனியாக வை. உள்ளே சால்வையைச் சுருட்டி நிரப்பு, பிறகு தலைப்பாகையைக் கவிழ்த்து ஒரு பிளாஸ்ரிக் பேசினுக்குள் வைத்து அதைப் பெரிய பெட்டியின் நடுவில் வை. என்னைக் கேட்டால் துணியை மட்டும் கொண்டுபோய் அங்கே கட்டுவது மேல். கட்டத் தெரிந்தவர் சுவிசில் இல்லாமலா போகிறார்?

சொந்தக்காரருக்கு மருதமுனைக் கைத்தறிச் சாறி கேட்டிருந்தாய். அது பருத்தி, கவலை இல்லை, பெரிய பெட்டியில் உருட்டி வைக்கலாம்.

இங்கிருந்து ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் வண்டியில் ஏழு எட்டு மணித்தியாலம் ஆகும். டிக்கியில் எதையும் போடவிடாதே. வெயில் ஏறினால் டிக்கிக்குள் பசை இளகி நெத்திச்சுட்டிக் கல்லும் ஒட்டியாணக் கல்லும் கழன்றுவிடும், லிப்ஸ்டிக்கும் உருகும்.

இனிப் பூ. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் 14 முதலும், சுவிசில் 2020 ஜனவரி 1 முதலும், வெளிநாட்டிலிருந்து பயணி கொண்டுவரும் எந்தப் பச்சைத் தாவரத்துக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். பூ, இலை, காய், விதை எல்லாம் இதில் அடங்கும். விலக்கு உள்ளது அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்து பழத்துக்கு மட்டும்தான். வாழைப்பழத்துக்கு விலக்கு இருக்கிறது என்று வாழையிலையைக் கொண்டுவர முடியாது. மாவிலை, வெற்றிலை, அறுகம்புல், கறிவேப்பிலை எல்லாம் அதே கதைதான். மல்லிகை மொட்டுக்குள்ளே புழுவும், இலைமடிப்பில் முட்டையும், மாவிலைக்கு அடியில் செதில்பூச்சியும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கறிவேப்பிலையில் வரும் ஒருவகைத் தத்துப்பூச்சிதான் தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புவது, அதனால் அதன்மேல் அவர்களுக்குத் தனிக் கண்.

சான்றிதழ் எடுக்க முடியாதா என்றால், முடியும். கட்டுநாயக்காவில் விவசாயத் திணைக்களத்தின் தாவரத் தனிமைப்படுத்தல் சேவையில் பொருளைக் காட்டிப் பரிசோதித்து எடுக்கவேண்டும். ஏற்றுமதி செய்பவருக்கு அது சரி. நாலு முழம் பூவுக்கு அம்மாவை அங்கே இழுத்தடிப்பதா?

சட்டத்தை விடு, பூவே தாங்காது. விடிய 5 மணிக்குப் பறித்த மொட்டு அன்று பின்னேரமே விரியும். வழிக்கு எட்டு மணித்தியாலம், எயார்ப்போட்டில் மூன்று, டோகாவுக்கு ஐந்து, அங்கே காத்திருக்க மூன்று, சூரிச்சுக்கு ஆறரை. கூட்டிப் பார், இருபத்தைந்துக்கு மேல். விமானத்துக்குள்ளே காற்று காய்ந்தது, திறந்து வைத்தால் விளிம்பு சுருங்கும். பிளாஸ்ரிக்கில் கட்டி வைத்தால் வியர்த்துப் பழுப்பாகும். ஐஸ் ஜெல் வைக்கலாம் என்று சொல்வார்கள், பாதுகாப்புச் சோதனையில் அதையும் திரவமாகத்தான் கணக்கெடுப்பார்கள்.

அதனால் மாலையை அங்கேயே கட்டுங்கள். ஊசியும் நூலும் குஞ்சமும் சரிகை நாடாவும் நான் தாறேன், அவற்றை யாரும் தடுக்கமாட்டார்கள். சுவிசில் குளிரிலும் நல்ல கார்னேஷன் கிடைக்கும். ஒரு பூவைக் காம்பை வெட்டி நடுவால் கோத்து நெருக்கினால் 3 சென்றிமீற்றர் இடம் பிடிக்கும். 180 சென்றிமீற்றர் மாலைக்கு 60 பூ, சோடிக்கு 120, உடைவுக்கும் வாடலுக்கும் சேர்த்து 135 ஆக எடு. வாங்கியவுடன் காம்பைச் சரிவாக வெட்டி மூன்று மணித்தியாலம் தண்ணீரில் நிறுத்தியபின் கோக்கவேண்டும், தண்ணீர் குடிக்காத பூ மணவறையிலேயே தலை தொங்கும். பருத்தி நூலை இரட்டையாக எடு, நைலோன் பூவின் அடியை அறுக்கும். முதல்நாள் இரவு கட்டி, ஈரத் துணியால் மூடி, பிரிட்ஜில் 3 பாகையில் வைக்கலாம். அதே பிரிட்ஜில் அப்பிளும் வாழைப்பழமும் இருக்கக்கூடாது. பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு கார்னேஷனை ஒரே இரவில் சுருட்டிவிடும். ஓர்க்கிட் சேர்த்தால் அதைப் பிரிட்ஜில் வைக்காதே, 10 பாகைக்குக் கீழே அதன் இதழ் கறுக்கும்.

தலைக்கு மல்லிகைதான் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால், சில தமிழ்க் கடைகள் சான்றிதழோடு சரக்காக வரவழைக்கும், முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். இல்லையென்றால் ஸ்டெபானோட்டிஸ் என்று கேள். ஐரோப்பியர் கலியாணப் பூங்கொத்தில் வைக்கும் வெள்ளைப் பூ, தடித்த இதழ், மல்லிகைச் சாயல், வாசமும் உண்டு. சடைக்குத் துணிப் பூவே போதும், படத்தில் யாருக்கும் தெரியாது.

அம்மா மாமாங்கேஸ்வரர் கோயில் பூவை முந்தானையில் முடிந்துகொண்டு வரப் பார்ப்பா, சொல்லி வை. விபூதி குங்குமம் போதும்.

வேறு சிலதும் மறந்துபோய்ப் பெட்டிக்குள் ஏறும். கற்பூரம் தீப்பற்றும் திண்மம், கைப்பையிலும் சரி பெரிய பெட்டியிலும் சரி ஏற்ற விடமாட்டார்கள். கொப்பரையும் அப்படியே, அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள்களில் ஒன்றாகக் கணக்கு. கும்பத்துத் தேங்காயை அங்கேயே வாங்கு. நெய்யும் தயிரும் பாற்பொருள், சுவிசுக்குள் பயணி கொண்டுபோகத் தடை. ஆகவே நம்மூர்த் தயிர்ச்சட்டி ஆசையை மறந்துவிடு.

கஸ்டம்ஸ் விசயத்தில் அலட்சியம் வேண்டாம். 2025 ஜனவரி 1 முதல் சுவிசில் ஒருவருக்கு வரியில்லாத பெறுமதி 150 பிராங் மட்டும், முன்பு 300 ஆக இருந்தது. கூறை ஒன்றே அதைத் தாண்டும். ஒரே பொருளை இரண்டு பேர் பெயரில் பிரிக்க முடியாது. தாண்டினால் முழுப் பெறுமதிக்கும் 8.1 வீதம் வற் வரி. அம்மா தான் போட்டுவந்து திரும்பக் கொண்டுபோகும் நகைக்கு இது இல்லை, மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகும் தாலிக்கொடிக்கும் சாறிக்கும் உண்டு. பில்லை வைத்துக்கொண்டு சிவப்பு வழியால் போய்ச் சொல்லிக் கட்டிவிடுவதுதான் லாபம். பத்தரிடம் கரட்டும் நிறையும் எழுதி வாங்கு.

வந்து சேர்ந்ததும் குளிரில் வந்த பெரிய பெட்டியைச் சூடான அறையில் உடனே திறக்காமல் இரண்டு மூன்று மணித்தியாலம் விடு, இல்லையென்றால் உள்ளே ஈரம் பூக்கும். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். கூறையை இரண்டு நாளுக்கு முன்பு அகலமான கம்பியில் தொங்கவிட்டு, மடிப்புப் போகாத இடத்தில் மட்டும் பின்பக்கமாக, மேலே பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் அயன் செய். தண்ணீர் தெளிக்காதே, வட்டமாகக் கறை நிற்கும். ஹீற்றர் போட்ட அறையில் நைலோன் பாவாடை சாறியைக் காலோடு ஒட்டவைக்கும், பருத்திப் பாவாடை உடுத்தச் சொல்.

அம்மாவின் டிக்கெட்டைப் போனில் படமெடுத்து அனுப்பு, எந்த விமானம், கைப்பை எத்தனை கிலோ என்று பார்த்துவிட்டுத்தான் அடுக்கத் தொடங்கவேண்டும். மகளின் இடுப்பளவை இன்னொருமுறை, சாப்பிட்டபின், எடுத்து எழுது. ஒட்டியாணத்துக்கு அந்த அளவுதான் வேண்டும்.

அன்புடன்,
ரதி