ஜாம்ஷெட்பூருக்குப் போகிற மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

"சேசு சபைக் கல்லூரி என்றால் எதிக்ஸுக்கு ஒரு பேப்பர் இருக்கும், அதை பாஸ் பண்ணிவிட்டால் போதும், மற்றபடி எல்லா பி-ஸ்கூலும் ஒன்றுதான்" என்று போனில் சொன்னாய். பாதி சரிதான். நீ சேரப் போகும் எக்ஸ்எல்ஆர்ஐ சேசு சபைக் குருக்கள் நடத்தும் நிர்வாகக் கல்லூரி, அங்கே எதிக்ஸ் பேப்பர் உண்டு. அதைக் கேஸ் படித்து, பெரிய தத்துவப் பெயர் நாலைந்தைச் சேர்த்து எழுதித் தாண்டிவிடவும் முடியும். உன் விசுவாசத்துக்கு வேலை இருக்கும் இடம் அந்த வகுப்பு இல்லை. ஒர்க்கிங் கேப்பிட்டல், அதாவது அன்றாட வியாபாரத்தை ஓட்ட வேண்டிய பணம், என்று ஃபைனான்ஸில் ஒரு பாடம் வரும் பார், அங்கேதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கல்லூரி பிறந்த விதமே இதற்குச் சாட்சி. 1949-இல் க்வின் என்ரைட் என்ற அமெரிக்க சேசு சபைக் குரு அதைத் தொடங்கியபோது அவர் மனதில் இருந்தது எம்பிஏ இல்லை. இரும்பாலை ஊரில் தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே இருக்கும் உறவு. அதன் பின்னணியில் இருப்பது, போப் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல். அதில் கூலியைப் பற்றி ஒரு வாதம் வருகிறது. வேறு வழியில்லாமல் ஒருவன் குறைந்த கூலிக்குச் சம்மதித்தால், அந்தச் சம்மதம் முதலாளியின் பொறுப்பைத் தீர்த்துவிடாது. அவன் வற்புறுத்தலுக்கு ஆளாகியிருக்கிறான், அநீதிக்கு ஆளாகியிருக்கிறான். இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள். ஃபைனான்ஸ் வகுப்பில் இதற்கு நேர் எதிரான வாக்கியம் ஒன்று வரும்: "அவன் ஒப்புக்கொண்டுதானே கையெழுத்துப் போட்டான்?"

அந்த வகுப்பில் கேஷ் கன்வெர்ஷன் சைக்கிள் என்று ஒரு கணக்குச் சொல்லித் தருவார்கள். சரக்கு கிடங்கில் கிடக்கும் நாள், அதனுடன் வாடிக்கையாளர் பணம் தர எடுக்கும் நாள், கூட்டியதிலிருந்து நாம் சப்ளையருக்குப் பணம் தர எடுக்கும் நாளைக் கழிக்க வேண்டும். விடை சிறியதாக இருந்தால் திறமையான நிர்வாகம். மூன்றில் முதல் இரண்டையும் குறைக்க உழைப்பு வேண்டும். மூன்றாவதை நீட்ட ஒரு மின்னஞ்சல் போதும். இன்டர்ன்ஷிப்பில் உனக்குக் கொடுக்கப்படும் ப்ராஜெக்ட்டும் பெரும்பாலும் அந்த மூன்றாவதாகத்தான் இருக்கும்.

போட்டுப் பார். ஒரு கம்பெனி வருடத்துக்கு 73 கோடிக்குக் கொள்முதல் செய்கிறது, அதாவது நாளைக்கு 20 லட்சம். பணம் தரும் நாளை 45-இலிருந்து 75 ஆக்கினால் 6 கோடி கையில் நிற்கும். கம்பெனி 10 சதவீதத்துக்குக் கடன் வாங்குகிறது என்றால் வருடத்துக்கு 60 லட்சம் மிச்சம். பிரசன்டேஷனில் கைதட்டு வாங்கும் எண் இது. ஆனால் அந்த 6 கோடி சப்ளையர்கள் பையிலிருந்து வந்தது. அவர்கள் கடன் வாங்குவது 14 சதவீதத்துக்கு என்று வை. அவர்களுக்குச் செலவு 84 லட்சம். 60 லட்சம் சம்பாதிக்க அடுத்தவனுக்கு 84 லட்சம் நஷ்டம். இடையில் போன 24 லட்சம் யாருக்கும் லாபமில்லை, வெறும் விரயம். இந்த இரண்டாவது கணக்கு ஸ்லைடில் வராது. நீ போட வேண்டும். லேவியர் 19:13 கூலிக்காரனின் கூலியை விடியும் வரை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே என்கிறது. யாக்கோபு 5:4-இல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது. இரண்டும் தினக்கூலியைப் பற்றியவைதான். ஆனாலும் எட்டுப் பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறவருக்கு உன் கம்பெனி 75 நாள் தாமதித்தால், அந்த எட்டுப் பேரின் சம்பளம்தான் தாமதமாகிறது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. அந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வரி விதிப்படி, காலம் தாண்டியும் மார்ச் 31-இல் கொடுக்காமல் கிடக்கும் தொகையை அந்த வருடச் செலவில் கழிக்க முடியாது. கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம்.

அப்புறமும் ஏன் தாமதம்? எங்கே கோளாறு என்பதைத் தெரிந்துகொள், இதை வகுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள். பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு பெற்ற ரசீதான ஜிஆர்என், இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போனால்தான் அக்கவுண்ட்ஸ் பணம் விடும். கிடங்கில் ஜிஆர்என் போட பத்து நாள் இழுப்பார்கள். அக்கவுண்ட்ஸோ இன்வாய்ஸைப் பதிவு செய்த தேதியிலிருந்துதான் 45 நாள் எண்ணும். சட்டம் எண்ணுவது சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் சரக்கு இறங்கிய நாளே ஏற்ற நாள். ஆக, கம்பெனிக் கணக்கில் 45 என்பது சப்ளையருக்கு 55. யாரும் திருடவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமில்லை, ஆனால் பணம் போகவில்லை. சப்ளையர் இதற்கென்று அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று பயந்து கொடுக்க மாட்டார். சிங்கராயர் சொன்ன அதே கட்டாயச் சம்மதம்தான் இது. உத்யம் பதிவையே ரத்து செய்யச் சொல்லும் வாங்குபவர்களும் உண்டு. அது புத்திசாலித்தனம் என்று உன் குழுவில் யாராவது சொன்னால், மற்ற நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடு, அங்கே மட்டும் கூடாது.

வேதம் சொல்லி வாதாடாதே. உன் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவர்களாக இருக்கப் போவதில்லை. அங்கே 1991-இல் எதிக்ஸுக்காக ஏற்படுத்திய அறக்கட்டளைக்குக்கூட ஜே.ஆர்.டி. டாடாவின் பெயர்தான், அவர் பார்சி. நீ வைக்க வேண்டியது மாற்று வழி: ஜிஆர்என்-ஐ 48 மணி நேரத்தில் முடிப்பது, நாளை எண்ணுவதை சரக்கு இறங்கிய தேதிக்கு மாற்றுவது, ட்ரெட்ஸ் தளத்தைப் பயன்படுத்துவது. ட்ரெட்ஸில் வாங்குபவர் ஏற்ற இன்வாய்ஸை வங்கிகள் ஏலம் கேட்டு சப்ளையருக்கு உடனே பணம் தரும்; வாங்குபவர் கெடு நாளில் வங்கிக்குக் கட்டுவார். வட்டி விகிதம், சரக்கை வாங்கும் கம்பெனியின் தரத்தைப் பார்த்துத்தான் என்பதால் சின்னப் பட்டறைக்கும் பெரிய கம்பெனி வட்டி கிடைக்கும். வாங்குபவர் பணம் கட்டத் தவறினாலும் வங்கி சப்ளையரிடம் திரும்பக் கேட்க முடியாது. 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனி அதில் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆனால் பதிவு செய்துவிட்டு ஒரு இன்வாய்ஸைக்கூட ஏற்றாமல் இருப்பவர்கள் உண்டு, அதைக் கேட்டுப் பார்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற ஐடி கம்பெனியின் கணக்கு மோசடி கேஸ் கட்டாயம் வரும். 2009 ஜனவரி 7-இல் அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே எழுதிக் கொடுத்தார்: புத்தகத்தில் 5,361 கோடி ரொக்கமும் வங்கி இருப்பும், அதில் 5,040 கோடி கிடையாது. முந்தைய செப்டம்பர் காலாண்டில் காட்டிய இயக்க லாபம் 649 கோடி, உண்மை 61 கோடி. வகுப்பில் பேராசை, பதவி ஆசை என்று பேசுவார்கள். நீ இரண்டு விஷயத்தைக் கவனி. முதலில் சின்ன இடைவெளியாகத் தொடங்கியதை ஒவ்வொரு காலாண்டும் மூடப் போய்த்தான் அது பெருகியது. இரண்டாவது, வங்கி இருப்பை உறுதி செய்யும் கடிதம் வங்கியிலிருந்து தணிக்கையாளருக்கு நேராக வர வேண்டும், கம்பெனி கை வழியாக வரக் கூடாது. அந்த போர்டில் ஹார்வர்டு பேராசிரியர் ஒருவரும் இருந்தார் என்பதையும் மறக்காதே.

உனக்கு வரும் முதல் சோதனை இவ்வளவு பெரியதாக இருக்காது. சேர்ந்த சில வாரத்திலேயே சம்மர்ஸுக்கு, அதாவது கோடை இன்டர்ன்ஷிப்புக்கு, சிவி தயாராகும். "குழுவில் இருந்தேன்" என்பது "குழுவை நடத்தினேன்" ஆகும், 8 சதவீதம் 18 ஆகும். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் சான்று கையில் இருந்தால் மட்டும் எழுது. குரூப் ப்ராஜெக்ட்டில் வேலை செய்யாதவன் பெயரைச் சேர்ப்பதும் இதே இனம்தான். அதற்கு முதல் கூட்டத்திலேயே யார் எந்தப் பகுதி என்று எழுதி வைத்துவிட்டால் பிறகு சண்டை வராது. ராத்திரி ஆத்தும சோதனை செய்வாய் அல்லவா, இஞ்ஞாசியார் சொன்ன வரிசையில்: நன்றி, வெளிச்சம் கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். மூன்றாவதுக்கு வரும்போது அன்றைய காலெண்டரைத் திறந்து வைத்துக்கொள். மீட்டிங் மீட்டிங்காகப் பார்த்தால் பத்து நிமிடத்தில் முடியும்; பொதுவாக யோசித்தால் தூக்கம்தான் வரும்.

கடன் விஷயம். 25 லட்சம், 10 சதவீதம், 10 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 33,000. படிக்கும் காலத்து வட்டியைக் கட்டாமல் விட்டால் அது அசலோடு சேர்ந்து தவணை இன்னும் ஏறும். இந்தத் தவணை பெரிதாக இருந்தால், தப்பான வேலையை விட்டு வெளியே வரத் தைரியம் வராது. அதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். வங்கி முதலில் 7 லட்சம் விடுவித்தால் மாத வட்டி சுமார் 5,800, முழுத் தொகையும் போனபின் 20,800. அதை அப்பாவும் நானும் மாதாமாதம் கட்டுகிறோம். அப்படிக் கட்டினால் சில வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கும், அதை அனுமதிக் கடிதத்தில் எழுத்தில் கேட்டு வாங்கு. எங்கள் கணக்கிலிருந்து வட்டி எடுக்கும் படிவத்தில் உன் கையெழுத்து வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா