இனேயின் படகுவீடுகளில் கடல்வாயை அடைக்காதீர்கள்

இனே விரிகுடாவின் படகுவீடுகளை விடுதிகளாக மாற்றும் உரிமையாளர்களுக்கும், வரைபடம் போட்டுத் தரும் கட்டடக் கலைஞர்களுக்கும்,

வணக்கம்.

ஜப்பானில் கியோட்டோ மாகாணத்தின் வடகரையில், உங்கள் ஊரில் ஃபுனாயா எனப்படும் படகுவீடுகள் சுமார் 230 நிற்கின்றன. கடலை நோக்கித் திறந்த கீழ்த்தளத்தில் படகு, மேலே வலை. அந்தத் திறப்புதான் கடல்வாய். குடியிருக்கும் வீடு சாலைக்கு அந்தப் பக்கம், மலையடியில். விரிகுடா தெற்கு பார்த்தது. அதன் வாயில் ஆவோஷிமா தீவு அலையைத் தடுக்கிறது. கடல்மட்டம் ஏறி இறங்குவதும் ஆண்டு முழுக்க அரை மீட்டர் அளவுதான். தண்ணீரை ஒட்டியே அடிக்கட்டை போட முடிந்தது இதனால்தான்.

இன்றைய ஃபைபர் படகுகள் பெரியவை, உள்ளே நுழைவதில்லை. கீழ்த்தளம் சும்மா கிடக்கிறதே என்று, படகை இழுத்தேற்றும் சாய்தளத்தில் கான்கிரீட் கொட்டி மட்டமாக்கி, கடல்முகத்தைக் கண்ணாடியால் மூடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அடிக்கட்டையும் தூணும் ஷீ மரம். நனைந்தாலும் காற்றாடக் காய்ந்தால் நெடுநாள் தாங்கும். கான்கிரீட் தூணைச் சுற்றி இறுகினால் இடுக்கில் ஈரம் தங்கி, வெளியே தெரியாமலே உள்ளே மக்கும். புயலில் உள்ளே ஏறி வடிய வேண்டிய அலையும் மூடிய சுவரில் மோதும். கடல்நீரைவிடக் கூரையில் ஒழுகும் மழைநீர்தான் மரத்தை விரைவில் மக்க வைக்கும். ஆகவே முதல் செலவு கூரைக்கு.

தூணடி மக்கியிருந்தால் முழுத்தூணையும் மாற்ற வேண்டாம். சுத்தியலால் தட்டுங்கள், பொத்தென்று ஒலித்தால் குத்தூசியால் குத்தி, கெட்டி மரம் எங்கே தொடங்குகிறது என்று குறியுங்கள். ஜாக்கியால் உத்தரத்தைத் தாங்கிக்கொண்டு, மக்கிய பகுதியை அறுத்தெடுத்து, நன்கு உலர்ந்த அதே இன மரத்தை ஒட்டுப்போடுங்கள். பொருத்தின் நீளம் தூணின் அகலத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். அலை தெறிக்கும் மட்டத்துக்கு மேலே அமையட்டும். இறுக்குவதற்கு வைரம் பாய்ந்த மர ஆப்பு போதும். இரும்பாணி உப்பில் துருவேறிப் பருத்து மரத்தையே பிளந்துவிடும்.

வீட்டு வாசலிலேயே மீன் கழிவை இரையாக வைத்து மொன்தொரி எனும் மீன்பொறிக் கூடை இறக்குவார்களே, அதற்கும் திறந்த கடல்வாய் வேண்டும். விருந்தினருக்கு நீங்கள் காட்டக்கூடியவற்றில் இதைவிட நல்லது எங்களுக்குத் தெரியவில்லை.

2005இல் மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டபோது வீடுகளோடு விரிகுடாவின் நீர்ப்பரப்பும் சேர்க்கப்பட்டது. வெளித்தோற்றத்தை மாற்ற ஊராட்சியின் அனுமதி தேவை. அதற்கு அனுப்பும் வரைபடத்தில் சாய்தளத்தைப் பழைய சரிவிலேயே காட்டுங்கள். படுக்கையறைகளை மேல்தளத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
கடலோர மரக்கட்டட வேலை அறிந்தவர்கள்