அப்பாவுக்கு எந்த பிளான் எடுத்தோம் என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணாவுக்கு,

போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே "மீட்டிங் இருக்கும்மா" என்று ஓடிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவின் மெடிகேர் விஷயத்தில், நீ அனுப்பிய ஜீரோ பிரீமியம் அட்வான்டேஜ் பிளானை விட்டுவிட்டு, மாதாமாதம் காசு கட்டுகிற பிளானை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டாய். காரணம் இருக்கிறது, பொறுமையாகப் படி.

அப்பாவுக்கு 65 ஆகப்போகிறது, அதாவது மெடிகேர் என்கிற அரசாங்க மருத்துவ இன்ஷூரன்ஸில் சேரும் வயது என்பது உனக்கு ஞாபகம் இருந்ததோ இல்லையோ, இந்த நாட்டில் இருக்கிற அத்தனை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஞாபகம் இருந்தது. தபால் பெட்டியில் தினம் ஒரு கத்தை, அதில் பாதி அரசாங்கக் கடிதம் மாதிரியே வேஷம் போட்டு வருகிறது. அப்பா எல்லாவற்றையும் பிரித்துப் படித்துக் குழம்பிப் போனார். அப்புறம் பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் பழக்கமான ஒரு அம்மா தன் ப்ரோக்கரின் நம்பரைக் கொடுத்தார். அந்த ப்ரோக்கர் எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று ஒரு ஃபாரத்தில் முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். ரூல் அப்படியாம். எனக்கு அது பிடித்திருந்தது.

நான் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது?" அப்பா என்னை முறைத்தார். ப்ரோக்கர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். நாம் ஒரு பைசா தர வேண்டாம், கம்பெனி கமிஷன் தரும், அட்வான்டேஜ் பிளானில் புதிதாக ஒருவரைச் சேர்த்தால் நியூ ஜெர்சியில் 2025 கணக்குப்படி 780 டாலர் வரை, அடுத்தடுத்த வருஷம் அதில் பாதி. எல்லாக் கம்பெனி பிளானும் தன்னிடம் இல்லை என்பதையும் அவரே சொன்னார். சரி, இந்த மனுஷனை ஓரளவு நம்பலாம் என்று தோன்றியது. இருந்தாலும் ஷிப் என்று அரசாங்கப் பணத்தில் நடக்கிற இலவச ஆலோசனை இருக்கிறதே, அவர்களிடமும் ஒரு முறை கேட்டுக்கொண்டேன். அவர்களுக்குக் கமிஷன் கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மெடிகேரில் பார்ட் ஏ ஆஸ்பத்திரிக்கு. பத்து வருஷம் இங்கே வேலை பார்த்து வரி கட்டியவர்களுக்கு பிரீமியம் கிடையாது, அப்பா அதற்கு மேலேயே கட்டிவிட்டார். பார்ட் பி டாக்டர் செலவுக்கு, 2025 கணக்குப்படி மாதம் 185 டாலர். ஆனால் பி 80 சதவீதம்தான் கொடுக்கும், மிச்சம் 20 நம் தலையில், அதற்கு உச்சவரம்பே கிடையாது. அந்த ஓட்டையை அடைக்க இரண்டு வழி. ஒன்று நீ சொன்ன அட்வான்டேஜ், அதாவது ஏ, பி இரண்டையும் தனியார் கம்பெனியே சேர்த்து நடத்துகிற பிளான். இன்னொன்று மெடிகேப், மெடிகேர் விட்டுவைக்கிற மிச்சத்தைக் கட்டத் தனியார் கம்பெனி விற்கிற துணை பாலிசி.

அட்வான்டேஜ் மோசம் என்று நான் சொல்லவில்லை. பல், கண்ணாடி எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள், வருஷச் செலவுக்கு உச்சவரம்பும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அவர்கள் நெட்வொர்க்கில், அதாவது அவர்கள் பட்டியலில், இருக்கும் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும், பல சிகிச்சைக்கு முன்அனுமதி வாங்க வேண்டும். நாளைக்கே நாங்கள் உன்னோடு டெக்ஸஸ் வந்துவிட்டால் அந்த பிளான் கூட வராது. எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் ஸ்டென்ட். பார்ட் பி ஆரம்பித்த மாதத்திலிருந்து ஆறு மாதம், மெடிகேப் கம்பெனிகள் உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆறு மாதம் போனால் இங்கே ஹெல்த் கேள்விகள் வரும், ஸ்டென்ட் வைத்தவருக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். முதலில் அட்வான்டேஜ் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு வருஷத்துக்குள் திரும்பி வர வழி இருக்கிறது என்று நீ சொல்வாய், இருக்கிறது, ஆனால் உடம்பு கெட்டுப்போவது முதல் வருஷம் பார்த்தா வரும்?

அதனால் மெடிகேப் பிளான் ஜி. பார்ட் பி டிடக்டிபிளை, அதாவது இன்ஷூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும் முன் நாம் கட்டுகிற தொகையை (2025-ல் 257 டாலர்), மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை நாம் கட்டுகிறோம், மெடிகேர் ஒப்புக்கொண்ட செலவில் மிச்சம் எல்லாம் அவர்கள் பாடு. ஜி என்றால் எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான், விலைதான் வேறு. ஆகவே கடந்த வருஷங்களில் யார் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதை மட்டும் ப்ரோக்கரைக் காட்டச் சொன்னேன். அப்புறம் மார்கழிக்கு நாம் சென்னை போவோமே, வெறும் மெடிகேர் அங்கே செல்லாது. ஜியில் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வரும் அவசர சிகிச்சைக்கு, 250 டாலர் கழித்து 80 சதவீதம் தருகிறார்கள், ஆயுசுக்கும் 50,000 வரை.

மாத்திரைக்கு பார்ட் டி தனி. அப்பா ஜிப்லாக் பையோடு கொண்டுவந்து மேஜையில் கொட்டினார், ப்ரோக்கர் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் பெயரும் மில்லிகிராமும் பார்த்து லேப்டாப்பில் ஏற்றினார். நடுவில் தி. நகரில் வாங்கிய அட்டை ஒன்று, "இதை எதில் சேர்ப்பது சார்?" என்று கேட்டார். அதே பிளான், அதே மாத்திரை, மருந்துக்கடை மாறினால் விலை மாறுகிறது. இதை அக்டோபர் 15க்கும் டிசம்பர் 7க்கும் நடுவில் வருஷா வருஷம் பார்க்க வேண்டும், அந்த வேலை உன்னுடையது.

இன்னொன்று. உன் மாமனார் மாமியார் கிரீன் கார்டில் வந்திருக்கிறார்களே, அவர்களுக்கு இது வேறு கணக்கு. இந்தியாவில் வேலை பார்த்த வருஷங்களை இங்கே சேர்க்க மாட்டார்கள், அதற்கு இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தமே கிடையாது. தொடர்ந்து ஐந்து வருஷம் இங்கே இருந்தால் காசு கொடுத்து வாங்கலாம். 2025 கணக்குப்படி பார்ட் ஏ 518, பி 185, ஆக ஆளுக்கு மாதம் 703 டாலர். ஐந்து வருஷம் முடிகிற சமயத்தில் விட்டுவிட்டால் பின்னால் அபராதம் சேர்த்துக் கட்ட வேண்டிவரும். அவர்கள் கார்டில் "ரெசிடென்ட் சின்ஸ்" என்று ஒரு தேதி இருக்கும், அதைப் பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. சம்பந்தியம்மாவிடம் நானே பேசுகிறேன், நீ பேசினால் பணக் கணக்கு பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
அம்மா